கிராபிக்ஸ் கார்டுக்கு எந்த எஸ்எம்பிஎஸ்? எங்கள் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பல்லடத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். வீட்டுக்குப் பின்னால் அப்பாவின் தறிக்குடோன், முன்னறையில் நான் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்கிறேன். கேம் விளையாடக் கம்ப்யூட்டர் கேட்டு வருகிறவர்கள் பெரும்பாலும் கல்லூரிப் பையன்கள். திருப்பூர், காங்கேயம், உடுமலை, பொள்ளாச்சி என்று நாலாபக்கமிருந்தும் கையில் ஒரு பட்டியலோடு வருவார்கள். முதல் வரியில் கேமின் படத்தைத் திரைக்கு வரைந்து தருகிற கிராபிக்ஸ் கார்டு, அடுத்து ப்ராசசர், மூன்றாவதாகக் கலர் லைட் எரிகிற கேபினட். இவை எல்லாவற்றுக்கும் கரண்ட் கொடுக்கிற எஸ்எம்பிஎஸ் கடைசி வரியில், மீந்த காசில். அந்தக் கடைசி வரியைப் பற்றி அவர்கள் கேட்டதையும் நான் சொன்னதையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

“அண்ணா, எஸ்எம்பிஎஸ் கரண்ட் குடுக்கற டப்பாதானுங்க? அதுக்கு எதுக்கு இத்தனை காசு?”

நானும் ஒரு காலத்தில் இப்படிக் கேட்டவன்தான். எனக்கென்று முதன்முதலாகக் கட்டிய கம்ப்யூட்டரில் ஜிடிஎக்ஸ் 1060 கார்டு போட்டேன். அது 120 வாட் எடுக்கும். எஸ்எம்பிஎஸ் கேபினட்டோடு சும்மா வந்தது, மேலே 500 வாட் என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தது. கேம் தொடங்கிப் பத்து நிமிஷம் ஆனதும் சட்டென்று அணைந்து, தானாக மறுபடி ஆன் ஆகும். கார்டின் மேல் சந்தேகப்பட்டேன். விண்டோஸை மூன்று முறை அழித்துப் போட்டேன். ராமைக் கழற்றித் துடைத்து மாட்டினேன். ஒரு மாதம் கழித்து, கோயமுத்தூரில் சர்வீஸ் செய்கிற ஒரு அண்ணன் வந்து கேபினட்டைத் திறந்தார். கார்டை அவர் தொடக்கூட இல்லை. எஸ்எம்பிஎஸ் லேபிளைப் படித்துவிட்டுச் சிரித்தார்: “தம்பி, இது 500 எல்லாம் இல்ல, 200-கூடத் தேறாது.”

மோட்டார் வாங்கப் போனால் எத்தனை ஹெச்பி, காப்பர் காயிலா, அலுமினியமா, எந்த வருஷத்து மாடல் என்று பத்துக் கேள்வி கேட்கிற ஊர் இது. அதே ஆள் எஸ்எம்பிஎஸ் வாங்கும்போது மேலே அச்சடித்த நம்பரை அப்படியே நம்பிவிடுகிறார்.

அந்த டப்பாவுக்கு இரண்டு வேலை. ஈபி லைனில் வருகிற 230 வோல்ட் மாறுமின்சாரத்தை 12 வோல்ட் நேர்மின்சாரமாக, அலை பாயாமல், கார்டுக்கும் ப்ராசசருக்கும் கொடுப்பது ஒன்று. லைனில் ஏதாவது தப்பாக வந்தால் அந்த அடியைத் தன்மேல் வாங்கிக்கொண்டு கார்டைக் காப்பது இன்னொன்று. முப்பதாயிரம், ஐம்பதாயிரம் ரூபாய்க் கார்டுக்கும் தெருவில் நிற்கிற கம்பத்துக்கும் நடுவே இருப்பது இது ஒன்றுதான்.

லேபிளில் எதைப் பார்க்க வேண்டும்?

மொத்த வாட்டை விட்டுவிடுங்கள். 12 வோல்ட் என்று போட்டிருக்கிற இடத்துக்குக் கீழே எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். அதை 12-ஆல் பெருக்கினால் வருவதுதான் உங்கள் எஸ்எம்பிஎஸ்ஸின் உண்மையான பலம். இன்றைய கார்டும் ப்ராசசரும் எடுப்பது கிட்டத்தட்ட எல்லாமே 12 வோல்ட்டில்தான்.

எனக்குச் சும்மா வந்ததில் 12 வோல்ட்டுக்கு 16 ஆம்பியர். பதினாறு பன்னிரண்டு 192 வாட். அதில் ப்ராசசர் பங்கு போனால் 120 வாட் கார்டுக்கு என்ன மிஞ்சும்? நல்ல 550 வாட் எஸ்எம்பிஎஸ்ஸில் 12 வோல்ட்டுக்கு 45 ஆம்பியர் போலப் போட்டிருக்கும், அதாவது 540 வாட். மேலே எழுதிய வாட்டும் இந்தக் கணக்கும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் அந்தக் கம்பெனி பொய் சொல்லவில்லை என்று அர்த்தம். பாதிதான் வருகிறது என்றால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

எடை பார்க்கலாமா என்று கேட்பார்கள். இறகு மாதிரி இருப்பதைத் தவிர்க்க அது உதவும். கனமாக இருப்பது நல்லது என்பதற்கு அது சாட்சி ஆகாது.

என் கார்டுக்கு எத்தனை வாட் போதும்?

ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தால் மற்றவை தானே வந்துவிடும். ஐ5-12400எஃப் ப்ராசசர், ஆர்டிஎக்ஸ் 4060 கார்டு என்று வைத்துக்கொள்வோம். எங்களிடம் அதிகம் போன ஜோடி இதுதான். ப்ராசசர் அதிகபட்சம் 117 வாட், கார்டு 115 வாட். மதர்போர்டு, ராம், எஸ்எஸ்டி, ஃபேன், லைட்டு எல்லாவற்றுக்கும் தாராளமாக 60 வைத்தால் மொத்தம் 292. இதற்குக் கார்டு கம்பெனியான என்விடியா சொல்வது 550 வாட். “292-க்கு எதுக்குங்க 550?” என்று அடுத்த கேள்வி வரும். காரணம் இரண்டு. சுமை ஒரே சீராக இருக்காது, அதைக் கீழே சொல்கிறேன். அப்புறம், ஊரில் யார் எந்த மட்ட எஸ்எம்பிஎஸ் போடுவார்கள் என்று கம்பெனிக்குத் தெரியாது, அதற்கும் சேர்த்துத்தான் அந்த எண்ணைச் சொல்கிறார்கள். நல்ல 450 வாட்டில் இந்த ஜோடி ஓடும். ஆனாலும் நான் 550 போடுவேன். மூன்று வருஷத்தில் கார்டை மாற்றத்தான் போகிறீர்கள்.

மற்ற கார்டுகள் எடுக்கும் வாட்: ஆர்டிஎக்ஸ் 3060 என்றால் 170, ஆர்எக்ஸ் 7600 என்றால் 165, ஆர்டிஎக்ஸ் 5060 என்றால் 145. இவற்றுக்கெல்லாம் 550 போதும். ஆர்டிஎக்ஸ் 5070 என்றால் 250 வாட், 650-க்குக் குறையக்கூடாது. 300 வாட் எடுக்கிற ஆர்டிஎக்ஸ் 5070 டிஐ, 304 வாட் எடுக்கிற ஆர்எக்ஸ் 9070 எக்ஸ்டி இரண்டுக்கும் 750. ஆர்டிஎக்ஸ் 5080 (360 வாட்) என்றால் 850. ஆர்டிஎக்ஸ் 5090 தனியாகவே 575 வாட், அதற்கு 1000. 5090 கேட்டு என்னிடம் இதுவரை யாரும் வரவில்லை, வந்தால் முதலில் அவருக்கு ஒரு காப்பி வாங்கிக் கொடுப்பேன்.

ப்ராசசரையும் கவனியுங்கள். அது ஐ7-14700கே என்றால் தனியாக 253 வாட் வரை போகும், மேலே சொன்ன எண்களோடு 100 கூட்டிக்கொள்வது நல்லது.

கார்டு 300 வாட், எஸ்எம்பிஎஸ் 650. கணக்குச் சரியாகத்தானே இருக்கிறது? ஏன் அணைகிறது?

தோட்டத்தில் மோட்டார் எடுக்கும்போது வீட்டு லைட் ஒரு கணம் மங்கிப் பளிச்சென்று திரும்ப எரியும், பார்த்திருப்பீர்கள். ஓடுகிற மோட்டாருக்கு வேண்டிய கரண்டைப் போல ஐந்தாறு மடங்கைக் கிளம்புகிற நேரத்தில் அது இழுக்கும். கிராபிக்ஸ் கார்டும் அப்படித்தான். ஒரு வித்தியாசம்: மோட்டார் கிளம்பும்போது ஒரு தடவை இழுக்கும், கார்டு விளையாடுகிற நேரம் முழுவதும் நொடிக்கு எத்தனையோ தடவை இழுக்கும். திரையில் காட்சி மாறினால், வெடி வெடித்தால், ஒரு கணத்துக்கும் குறைவான நேரத்தில் தன் அளவைப் போல இரண்டு மடங்குக்கும் மேலே போய்த் திரும்பி வரும். சராசரி 300 வாட் என்பது அந்த மேட்டையும் பள்ளத்தையும் சேர்த்துச் சொல்கிற எண்.

எஸ்எம்பிஎஸ்ஸில் ஸ்டார்ட்டர் ரிலே மாதிரி ஒரு பாதுகாப்பு உண்டு. அளவு மீறினால் விழுந்துவிடும். 2020-இல் ஆர்டிஎக்ஸ் 3080, 3090 வந்தபோது நல்ல கம்பெனி எஸ்எம்பிஎஸ்களே இந்த இழுவையில் டிரிப் ஆயின. அதற்குப் பிறகுதான் 2022-இல் ஏடிஎக்ஸ் 3.0 என்ற புது விதி வந்தது. புதிய கார்டுகளுக்கான 16 பின் கனெக்டரோடு அந்த விதிப்படி செய்த எஸ்எம்பிஎஸ், ஒரு நொடியில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு நேரத்துக்குத் தன் அளவைப் போல இரண்டு மடங்கு இழுவையையும் விழாமல் தாங்க வேண்டும். அடுத்த வருஷம் ஏடிஎக்ஸ் 3.1 வந்தது. 200 வாட்டுக்கு மேல் எடுக்கும் கார்டு என்றால் இந்த இரண்டில் ஒன்று அட்டைப்பெட்டியில் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். சின்னக் கார்டுக்கு அது கட்டாயம் இல்லை.

பெரிய வாட் போட்டால் ஈபி பில் ஏறுமா?

ஏறாது. கிணற்றில் நூறடித் தண்ணீர் கிடந்தாலும் குடிக்கிறவன் ஒரு சொம்புதான் குடிப்பான். 850 வாட் எஸ்எம்பிஎஸ் போட்டாலும் உள்ளே இருக்கிற சாமான் 300 வாட் கேட்டால் 300-தான் கொடுக்கும். இதை எங்கள் அப்பாவுக்குப் புரியவைக்க இரண்டு நாள் ஆனது. மோட்டாரில் ஹெச்பி ஏறினால் பில் ஏறும் என்பது அவர் அனுபவம்.

பில்லை ஏற்றுவது விளையாடுகிற நேரம். மானிட்டரோடு சேர்த்து 400 வாட், தினமும் நாலு மணி நேரம் என்றால் ஒரு நாளைக்கு 1.6 யூனிட், இரண்டு மாதத்துக்கு 96 யூனிட். வீட்டுக்குக் கிடைக்கிற இலவச யூனிட்டில் பெரிய பங்கைப் பையன் ஒருத்தனே தின்றுவிடுவான். மொத்தம் 500 யூனிட்டுக்குப் பக்கத்தில் இருக்கிற வீடு என்றால் இந்த 96 அடுத்த ஸ்லாபுக்குத் தள்ளிவிடும். அந்தச் சண்டைக்கு எஸ்எம்பிஎஸ்ஸைக் குற்றம் சொல்லாதீர்கள்.

80 பிளஸ் பிரான்ஸ் (வெண்கலம்), 80 பிளஸ் கோல்டு என்று எழுதியிருக்கிறதே, கோல்டுதான் வாங்க வேண்டுமா?

80 பிளஸ் என்பது சுவரில் எடுக்கும் கரண்டில் எவ்வளவு வெப்பமாக வீணாகாமல் உள்ளே போய்ச் சேர்கிறது என்பதற்கான முத்திரை. பிரான்ஸுக்கும் கோல்டுக்கும் வித்தியாசம் சுமார் நாலைந்து சதவீதம். 300 வாட் சுமைக்கு அது 15 வாட் போல. நாலு மணி நேரம் விளையாடினால் இரண்டு மாதத்தில் நாலு யூனிட்கூட வராது. ஆகவே மின்சாரம் மிச்சமாகும் என்று கோல்டு வாங்குவது வீண் கணக்கு.

ஆனால் கோல்டு முத்திரை வாங்குகிற அளவுக்குச் செய்கிறவர்கள் உள்ளே கெப்பாசிட்டர், ஃபேன் எல்லாம் கொஞ்சம் நல்லதாகவே போடுவார்கள், வாரண்டியும் கூட வரும். சூடும் குறைவு. நான் சொல்வது, 5060 மட்டத்துக்கு நல்ல பிரான்ஸ் போதும், 5070-க்கு மேலே கோல்டு. முத்திரை இருப்பதாலேயே பாதுகாப்பு எல்லாம் சரி என்று ஆகிவிடாது, அது வேறு பரீட்சை. முத்திரையே இல்லாதது, அல்லது கம்பெனி தானே அடித்துக்கொண்ட “85 பிளஸ்” போன்றது, வேண்டாம்.

கேபிள் விஷயத்தில் எங்கே தப்பு நடக்கிறது?

எல்லா இடத்திலும். கார்டு எரிந்து வந்த கேஸ்களில் நான் பார்த்தவரை பாதிக்கு மேல் கேபிள்தான் காரணம், ஆகவே இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

மதர்போர்டு ஸ்லாட் வழியாகக் கார்டுக்கு 75 வாட் வரை கிடைக்கும். 6 பின் கேபிள் இன்னொரு 75, 8 பின் கேபிள் 150. சில கேபிளில் நுனியில் இரண்டு 8 பின் தலை இருக்கும், நடுவே ஒன்று, கடைசியில் ஒன்று. கார்டில் இரண்டு 8 பின் இருந்தால் இந்த இரட்டைத் தலையை மாட்டிவிட்டு வேலை முடிந்தது என்று நினைப்பார்கள். அப்போது 300 வாட்டுக்குப் போக வேண்டியது ஒரே கேபிளில் போகிறது. 200 வாட்டுக்கு மேலே எடுக்கும் கார்டு என்றால் எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்தே தனித்தனியாக இரண்டு கேபிள் இழுங்கள்.

ப்ராசசருக்குப் போகிற 8 பின்னும் கார்டுக்குப் போகிற 8 பின்னும் பார்க்க அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். உள்ளே பிளஸ் மைனஸ் இடம் மாறியிருக்கும். கார்டினுடையது 6+2 என்று பிரியும், ப்ராசசருடையது 4+4 என்று பிரியும். போகவில்லை என்றால் அமுக்காதீர்கள், அது தப்பான கேபிள்.

ஹார்டு டிஸ்க்குக்குக் கரண்ட் கொடுக்கிற சாட்டா கேபிளிலிருந்து கார்டுக்கு மாற்றித் தருகிற கன்வெர்ட்டர் ஒன்று நூறு இருநூறு ரூபாய்க்குக் கிடைக்கும். சாட்டா தலை 12 வோல்ட்டில் தாங்குவது 4.5 ஆம்பியர், அதாவது 54 வாட். அதில் 8 பின் கார்டை மாட்டினால் பிளாஸ்டிக் உருகுகிற வாசனைதான் முதல் தகவல்.

புது கார்டுகளில் வருகிற 16 பின் கனெக்டர் சின்னதாக இருக்கும், ஆனால் 600 வாட் வரை கடத்தும். 12 வோல்ட்டில் 600 வாட் என்றால் 50 ஆம்பியர், ஆறு பின்களில் பங்கு போட்டால் ஒவ்வொன்றிலும் எட்டு ஆம்பியருக்கு மேல். 2022 கடைசியில் ஆர்டிஎக்ஸ் 4090 கார்டுகளில் இந்தக் கனெக்டர் உருகிய செய்தி வந்தது. முழுசாக உள்ளே போகாமல் பாதியில் நின்றது ஒரு பெரிய காரணம் என்று கண்டார்கள். பிறகு 12வி-2×6 என்று திருத்தி வந்ததில், சரியாகப் போகாவிட்டால் கார்டு கரண்டே கேட்காதபடி சிக்னல் பின்களை உள்ளே தள்ளி வைத்தார்கள். எதுவாக இருந்தாலும் அழுத்தி மாட்டிவிட்டு டார்ச் அடித்து இடைவெளி இருக்கிறதா என்று பாருங்கள். கனெக்டரிலிருந்து மூன்றரை சென்டிமீட்டருக்குள் கேபிளை மடக்காதீர்கள். கேபினட் கதவு கேபிளை அமுக்கினால் அது இந்தக் கார்டுக்கான கேபினட் இல்லை.

கடைசியாக ஒன்று, இதற்குப் பலி போனவை நிறைய. கழற்றி மாட்டுகிற மாடுலர் கேபிள்களை ஒரு எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றாதீர்கள். கார்டுப் பக்கம் எல்லாம் ஒரே மாதிரிதான், எஸ்எம்பிஎஸ் பக்கம் எந்தப் பின் எங்கே என்பதற்குப் பொது விதி கிடையாது. ஒரே கம்பெனியின் இரண்டு மாடலுக்கு நடுவேகூட மாறும். தலை பொருந்தும், ஆன் செய்வீர்கள், 5 வோல்ட் போக வேண்டிய ஹார்டு டிஸ்க்குக்கு 12 வோல்ட் போகும்.

கம்பெனியில் கழித்துவிட்ட ஆபீஸ் கம்ப்யூட்டர் சல்லிசாகக் கிடைத்தது. அதில் கார்டு போடலாமா?

திருப்பூர் பனியன் கம்பெனிகளில் மாற்றிவிடுகிற கம்ப்யூட்டர்கள் இப்படி நிறைய வெளியே வருகின்றன. நல்ல சாமான்தான். ஆனால் உள்ளே 180 அல்லது 240 வாட் எஸ்எம்பிஎஸ் இருக்கும். அளவும் வேறு, மதர்போர்டுக்குப் போகிற கனெக்டரும் அந்தக் கம்பெனியின் சொந்தக் கனெக்டராக இருக்கும். கடையில் வாங்கிய சாதாரண எஸ்எம்பிஎஸ் உட்காராது. கன்வெர்ட்டர் கேபிள் தேடி அலைவதை விட, தனிக் கேபிள் இல்லாமல் ஸ்லாட்டிலிருந்தே கரண்ட் எடுக்கும் கார்டு போடுங்கள்: 70 வாட்டில் ஓடுகிற ஆர்டிஎக்ஸ் 3050 6 ஜிபி, 6 பின் இல்லாத ஜிடிஎக்ஸ் 1650, அல்லது 53 வாட் ஆர்எக்ஸ் 6400. குட்டைக் கேபினட் என்றால் குட்டை வகைக் கார்டாகக் கேட்டு வாங்குங்கள்.

எங்கள் ஊரில் வோல்டேஜ் ஏறி இறங்கும். ஸ்டெபிலைசர் வேண்டுமா?

தறி ஓடுகிற ஊரில் மாலை நேரத்து லோ வோல்டேஜ் பழகிப்போன விஷயம். நல்ல எஸ்எம்பிஎஸ்ஸில் உள்ளீடு 100-240 வோல்ட் என்று எழுதியிருக்கும். ஆக்டிவ் பிஎஃப்சி, அதாவது லைனிலிருந்து கரண்டைச் சீராக இழுக்கிற சர்க்யூட், இருக்கிற எஸ்எம்பிஎஸ் எல்லாம் கிட்டத்தட்ட இப்படித்தான். லைன் 170-க்கு இறங்கினாலும் அது பாட்டுக்கு ஓடும். டியூப்லைட் மினுக்கும், கேம் மினுக்காது. ஆகவே லோ வோல்டேஜுக்காக ஸ்டெபிலைசர் வாங்க வேண்டாம். 200-240 என்று மட்டும் எழுதிய மலிவு வகைக்குத்தான் அந்தத் தொல்லை.

பயப்பட வேண்டியது ஏறுகிற வோல்டேஜுக்கு. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பது பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வீசுகிற எங்கள் பக்கத்துக்கு வெறும் பழமொழி இல்லை. தென்னை மட்டை லைனில் விழும், கம்பத்தில் நியூட்ரல் கம்பி அறும். நியூட்ரல் போய்விட்டால் வீட்டுக்கு வருவது 230 இல்லை. பக்கத்து வீட்டுச் சுமையைப் பொறுத்து ஒரு வீட்டுக்கு 100-ம் இன்னொரு வீட்டுக்கு 350-ம் போகும், 400 வரைக்கும் ஏறலாம். ஒரே ராத்திரியில் தெருவில் நாலு வீட்டு டிவி, ஃபிரிட்ஜ் போன கதை உங்கள் ஊரிலும் இருக்கும். இதை எந்த எஸ்எம்பிஎஸ்ஸும் நெடுநேரம் தாங்காது. நல்லது தான் செத்துக் கார்டைக் காப்பாற்றும், மட்டமானது கார்டையும் கூட்டிக்கொண்டு போகும். எலெக்ட்ரீஷியனிடம் சொல்லி மெயின் போர்டில் ஓவர் வோல்டேஜ் கட் ஆஃப் ஒன்று போட்டுவிடுங்கள். வோல்டேஜ் மீறினால் லைனைத் துண்டித்து, சரியானதும் தானே கொடுக்கும். எஸ்எம்பிஎஸ்ஸுக்கு மட்டும் இல்லை, வீட்டுக்கே நல்லது.

இடி இடித்தால் பிளக்கைப் பிடுங்குவதே வழி. கூடவே இன்டர்நெட் லேன் கேபிளையும். அதை யாரும் செய்வதில்லை.

யூபிஎஸ், இன்வெர்ட்டரில் கேமிங் கம்ப்யூட்டர் ஓடுமா?

யூபிஎஸ்ஸில் விஏ என்று எழுதியிருப்பது வாட் இல்லை. பொதுவாக அதில் 60 சதவீதம்தான் வாட். 600 விஏ என்றால் 360. மேலே பார்த்த 292 வாட் கம்ப்யூட்டர் சுவரிலிருந்து 330 போல எடுக்கும், மானிட்டருக்கு ஒரு 30, மொத்தம் 360. விளிம்பில் நிற்கிறது. கரண்ட் போன அதே நொடியில் யூபிஎஸ் பீப் என்று கத்திவிட்டுப் படுத்துவிடும். அந்த ஜோடிக்கு 1000 அல்லது 1100 விஏ வாங்குங்கள். விளையாட்டைத் தொடர்வதற்கு இல்லை, சேவ் செய்து அணைப்பதற்கு.

வீட்டு இன்வெர்ட்டர் என்றால் அது சைன் வேவா என்று பாருங்கள். சதுர அலை இன்வெர்ட்டரில் ஆக்டிவ் பிஎஃப்சி எஸ்எம்பிஎஸ் முரண்டு பிடிக்கும்: உறுமும், அணையும், நாளடைவில் கெடும். சைன் வேவாக இருந்தும் கரண்ட் போகும்போது ரீஸ்டார்ட் ஆனால், பெரும்பாலான இன்வெர்ட்டரில் யூபிஎஸ் மோடு என்று ஒரு சுவிட்ச் இருக்கும், அதைப் போட்டுப் பாருங்கள். லைனிலிருந்து பேட்டரிக்கு மாறும் நேரத்தை அது குறைக்கும்.

கேபினட்டைத் தொட்டால் சுருக்கென்று அடிக்கிறது. எஸ்எம்பிஎஸ் கெட்டுவிட்டதா?

பெரும்பாலும் இல்லை. உங்கள் வீட்டு எர்த் கெட்டிருக்கிறது, அல்லது இல்லவே இல்லை.

எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் பேஸிலிருந்தும் நியூட்ரலிலிருந்தும் அதன் இரும்பு உடம்புக்குச் சின்னக் கெப்பாசிட்டர்கள் போட்டிருப்பார்கள், மின் இரைச்சலை எர்த்துக்கு அனுப்ப. எர்த் இருந்தால் அந்தத் துளிக் கரண்ட் அதில் போய்விடும். இல்லாவிட்டால் கேபினட் உடம்பே பாதி வோல்டேஜில், 115 போல, மிதக்கும். டெஸ்டர் வைத்தால் எரியும். ஆளைக் கொல்கிற கரண்ட் இல்லை, ஆனால் கேபினட் ஆனில் இருக்கும்போது ஹெச்டிஎம்ஐ கேபிளை மாட்டினால் கார்டின் போர்ட் போக அது போதும். சாயங்காலம் ஈரக் காலோடு சிமெண்ட் தரையில் நின்று தொட்டால் தெரியும்.

எங்கள் மேட்டுநிலத்தில் கொஞ்சம் தோண்டினாலே பாறை வந்துவிடும். எர்த் குழி போட்ட அன்றைக்கு நன்றாக இருக்கும், பங்குனி சித்திரையில் மண் காய்ந்ததும் வேலை செய்யாது. குழியில் உப்பும் கரியும் இருக்கிறதா பார்த்து, வெயில் காலத்தில் வாரம் ஒரு குடம் தண்ணீர் ஊற்றச் சொல்வேன். இந்த ஒரு குடத்தில் தீர்ந்த “எஸ்எம்பிஎஸ் கம்ப்ளைண்ட்” எத்தனையோ. மூன்று பின் பிளக்கில் எர்த் பின்னை வெட்டிவிட்டு இரண்டு பின் பாக்ஸில் சொருகுவது, எர்த் ஒயரை நியூட்ரலோடு முடிச்சுப் போடுவது, இரண்டும் வேண்டவே வேண்டாம். நியூட்ரலோடு முடிச்சுப் போட்டிருக்கிற வீட்டில் அந்த நியூட்ரல் அறுந்தால் கேபினட்டில் முழு 230 வரும். அது ஆளைக் கொல்லும். ஸ்பைக் பஸ்டர் என்று விற்கிற பாக்ஸும் ஒழுங்கான எர்த் இல்லாத வீட்டில் பாதி வேலைதான் செய்யும்.

பஞ்சும் தூசியும் அதிகம். என்ன செய்வது?

தறிக்குடோன் பக்கத்து வீடு, ஸ்பின்னிங் மில் பக்கத்து வீடு என்றால் சாதாரணத் தூசி இல்லை, பஞ்சு. ஆறு மாதத்தில் எஸ்எம்பிஎஸ் ஃபேனில் கம்பளி நெய்தது மாதிரி அடைத்துக்கொள்ளும். கேபினட் அடியில் ஃபில்டர் இருந்தால் ஃபேன் கீழே பார்க்க மாட்டி, பதினைந்து நாளுக்கு ஒரு தடவை அந்த ஃபில்டரை உருவித் தட்டுங்கள். கேபினட்டைத் தரையில் வைக்காமல் ஒரு பலகை மேல் வையுங்கள். புளோயர் அடிக்கும்போது ஃபேன் சுற்றாமல் ஒரு குச்சியால் பிடித்துக்கொள்ளுங்கள். எஸ்எம்பிஎஸ் மூடியைத் திறக்காதீர்கள். உள்ளே இருக்கிற பெரிய கெப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேலே தேங்கி நிற்கும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும்.

ஈரோடு, கரூர் வெயிலில் சிமெண்ட் ஷீட் போட்ட மாடி அறை என்றால் இன்னொன்றையும் பாருங்கள். நல்ல எஸ்எம்பிஎஸ்ஸில் எத்தனை டிகிரியில் முழு வாட் கொடுக்கும் என்று எழுதியிருப்பார்கள், 40 அல்லது 50 டிகிரி. 50 போட்டதை எடுங்கள். எதுவுமே எழுதாததை ஏசி ரூமில் இருக்கிறவர்கள் வாங்கிக்கொள்ளட்டும்.

செகண்ட் ஹேண்ட் எஸ்எம்பிஎஸ்?

கார்டு செகண்ட் ஹேண்டில் வாங்குங்கள், மானிட்டர் வாங்குங்கள், எஸ்எம்பிஎஸ் மட்டும் புதிது. வாரண்டி மீதம் இருந்து, ஜிஎஸ்டி பில்லும் எல்லாக் கேபிளும் கையில் கிடைத்தால் யோசிக்கலாம்.

எந்த பிராண்ட் நல்லது?

ஒரே பிராண்டிலேயே நல்ல சீரிஸும் உண்டு, கழிசடையும் உண்டு. பெயரைப் பார்த்து வாங்குவதை விட வாரண்டி வருஷத்தைப் பாருங்கள். தன் சாமானைப் பற்றிக் கம்பெனிக்குத் தெரிந்ததை அந்த எண்ணில்தான் சொல்லும். இரண்டு, மூன்று வருஷம் என்றால் ஆபீஸ் கம்ப்யூட்டருக்கு. ஐந்து என்றால் நடுத்தரம். ஏழு, பத்து என்று கொடுக்கிறதை 250 வாட்டும் அதற்கு மேலும் எடுக்கிற கார்டுக்குப் போடுங்கள். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் இருநூறு ரூபாய் குறையும் என்று பஸ் ஏறுகிறவர்கள் உண்டு. வாரண்டிக்கு எங்கே கொண்டுபோய்க் கொடுப்பது என்று யோசித்துவிட்டு, காந்திபுரத்திலோ ஈரோட்டிலோ பில் போட்டு வாங்குங்கள். பில்லில் சீரியல் நம்பர் இருக்கட்டும்.

கேம் விளையாடும்போது மட்டும் அணைகிறது. எஸ்எம்பிஎஸ்தான் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

எப்படி அணைகிறது என்று கவனியுங்கள். படம் உறைந்து, சத்தம் இழுத்து, டெஸ்க்டாப்புக்கு வந்து விழுந்தால் பெரும்பாலும் டிரைவர் அல்லது கார்டு. பிளக்கைப் பிடுங்கியது மாதிரி ஒரே இருட்டு என்றால் எஸ்எம்பிஎஸ் மேல் சந்தேகம் வரலாம். விண்டோஸின் நிகழ்வுப் பதிவில் (ஈவென்ட் லாக்) கெர்னல்-பவர் 41 என்று இருப்பதைப் பார்த்துவிட்டு “அண்ணா, எஸ்எம்பிஎஸ் போச்சுங்க” என்று போன் வரும். அந்த வரி, ஒழுங்காக அணைக்காமல் அணைந்தது என்று மட்டும்தான் சொல்கிறது, அது உங்களுக்கே தெரியுமே.

ஆஃப்டர்பர்னர் மாதிரி ஒரு மென்பொருளில் கார்டின் பவர் அளவை 70 சதவீதத்துக்கு இறக்கி விளையாடிப் பாருங்கள். அணைவது நின்றுவிட்டால் சந்தேகம் பலமாகிறது. மல்டிமீட்டர் இருந்தால் கேம் ஓடும்போது 12 வோல்ட் லைன் 11.4-க்கும் 12.6-க்கும் நடுவே நிற்கிறதா பாருங்கள், மென்பொருள் காட்டுகிற வோல்டேஜை நம்பாதீர்கள். அப்புறமும் தெளியவில்லை என்றால், நண்பர் ஒருவரின் நல்ல எஸ்எம்பிஎஸ்ஸை ஒரு நாளைக்குக் கடன் வாங்கி மாட்டிப் பாருங்கள். அவர் கொண்டுவரும்போது டப்பாவை மட்டும் கொண்டுவராமல் அதனுடைய கேபிள்களையும் சேர்த்து எடுத்து வரச் சொல்லுங்கள், உங்கள் கேபிளை அதில் மாட்ட வேண்டாம்.